முப்பத்து மூன்று அங்குலச் சக்கரம்

ஜூன் 3, செவ்வாய்

நாகமணி இன்று காலை எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். அவளுடைய வண்டிக்கு எவ்வளவு பெரிய டயர் போடலாம், அந்த டயருக்கு எந்தப் பல்சக்கரம் பொருந்தும் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கணக்கு உங்களுது, ஓட்டறது நானு" என்றாள்.

நான் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வராக இருந்து ஓய்வு பெற்றவன். தராசு, படிக்கல், பெட்ரோல் பம்பு, ஆட்டோ மீட்டர் இவற்றைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் தைரியம் வந்ததில்லை. என் மனைவி நாகமணி அரசு மருத்துவமனையில் அறுவை அரங்குச் செவிலியராக இருந்தவள். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்ற மறுமாதம் கார் ஓட்டக் கற்றாள். அறுபதில், நான்கு சக்கரமும் இழுக்கும் இந்த வண்டியைப் பழையதாக வாங்கினாள். போன வருடம் ஸ்பிரிங்கை மாற்றி நான்கு அங்குலம் உயர்த்தினாள். இப்போது அதில் ஏறுவதற்கு எனக்குப் படி தேவைப்படுகிறது. அவள் ஒரு கையால் பிடித்து ஏறிவிடுகிறாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி மழைக்கால மலையேற்றம். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தனியார் எஸ்டேட்டில் வருடாவருடம் நடக்கிறது. சேற்றிலும் பாறையிலும் வண்டி ஓட்டும் ஆசை உள்ளவர்கள் கூடுவார்கள். கடைசியில் வரும் ஏற்றத்துக்கு வழுக்குமேடு என்று பெயர். போன வருடம் நாகமணி அதில் பாதியில் நின்றுவிட்டாள். நடத்துபவர் மகுடேஸ்வரன் என்ற தென்னந்தோப்புக்காரர். மைக்கில், "அம்மாவுக்கு ஒரு கயிறு போடுங்கப்பா, பொழுதோட வீட்டுக்குப் போயி ரசம் வெக்கணுமல்ல!" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நாகமணியும் சிரித்தாளாம். கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் ரசம் இல்லை. நான் கேட்கவில்லை.

இந்த வருடம் அந்த மேட்டைத் தன் சக்கரத்தில் ஏற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து அளந்தேன். வெளியே வர நாகமணி காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

தெரிந்துகொண்டது இது: ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் மேலே போகிறது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த அச்சின் நடுவில் சிறு பானை அளவில் ஓர் இரும்பு உருண்டை. பல்சக்கரங்கள் அதற்குள்தான் உள்ளன. வண்டியிலேயே தாழ்ந்த இடம் அதுதான். போன வருடம் அது ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் காற்றில் சுழன்றன. உருண்டையைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டுமானால் ஒரே வழி பெரிய டயர். டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி உயரம் கிடைக்கும்.

ஆக, போன வருடம் நான்கு அங்குலம் உயர்த்தியது கல்லின் விஷயத்தில் ஒரு பயனும் தரவில்லை. இதை நாகமணியிடம் எப்படிச் சொல்வது என்று மதியம் வரை யோசித்தேன். சொன்னதும், "அப்படீங்களா! அதானே பார்த்தேன்" என்று சந்தோஷப்பட்டாள். நான் என்றால் ஒரு வாரம் வருந்தியிருப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

இப்போது இருப்பது இருபத்தொன்பது அங்குலம். மேலே போவதற்கு முப்பத்தொன்று, முப்பத்து மூன்று, முப்பத்தைந்து என மூன்று அளவுகள் கிடைக்கின்றன. நான் முப்பத்தொன்றைப் பரிந்துரைத்து இரண்டு பக்கம் எழுதினேன். இஞ்சினுக்குச் சிரமம் இல்லை. பல்சக்கரத்தை மாற்றாமலே சமாளிக்கலாம். பிரேக் பழையபடி பிடிக்கும். மழைத்தண்ணீர் வாரி அடிக்காது. ஏறி இறங்கவும் எளிது.

நாகமணி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. இதுல மேடு எங்க?"

மேட்டைப் பற்றி நான் எழுதவே இல்லை.

ஜூன் 14, சனி

இருவரும் சிராஜுதீன் பட்டறைக்குப் போனோம். பொள்ளாச்சியில் இந்த மாதிரி வண்டிகளுக்கு அவர்தான். நாற்பது வயதிருக்கும். அவரும் ஒரு வண்டி வைத்துக்கொண்டு மேட்டுக்கு வருபவர். டயர் என்றாலே பெரியதுதான் என்ற கட்சி.

"முப்பத்தஞ்சு போடுங்கம்மா. ரோட்டுல போனா பஸ்சுக்காரனே ஒதுங்குவான்."

"நான் பஸ்சோட சண்டைக்குப் போகலைங்க தம்பி" என்றாள் நாகமணி.

"சாரு என்ன சொல்றாரு?"

"சாரு முப்பத்தொண்ணு."

சிராஜுதீன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அதை அவர் சிரமப்பட்டுத்தான் கொண்டுவந்தார் என்று நினைக்கிறேன். "சார், அதுக்கு இருக்கறதுக்கே காத்து பிடிச்சிட்டுப் போயிரலாமே" என்றார்.

நான் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து வைத்திருந்தேன். முப்பத்து மூன்று தாராளமாக உட்காரும் என்று கணக்கு சொல்லியது. இப்படிச் சொன்னால் முப்பத்தொன்றை நானே கைவிட்டதாகுமோ என்ற தயக்கத்தோடு தாளை நீட்டினேன். நாகமணி அதைப் பார்த்துவிட்டு, "வண்டி மட்டமா நிக்கறப்ப அளந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"மேட்டுல மட்டமாவா நிக்கும்?"

தராசைக்கூட மட்டமான பலகையில் வைத்துத்தான் சோதிப்போம். முப்பத்தைந்து வருடப் பழக்கம். வேறு மாதிரி அளக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

ஜாக்கி வைத்து ஒரு பக்கத்து முன்சக்கரத்தை மட்டும் மேலே தள்ளி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பார்த்தோம். பட்டறையில் இருந்த முப்பத்து மூன்று அங்குல டயரை மாட்டியபோது அது பம்பரின் மூலையில் உரசியது. ஒரு துண்டு வெட்டினால் போதும். முப்பத்தைந்து கதவுக்கு முன்னால் உள்ள தகட்டிலேயே முட்டியது. சிராஜுதீன் அதையும் வெட்டத் தயாராக இருந்தார்.

"எதையும் வெட்டறதுன்னா எவ்வளவு வெட்டணுமோ அவ்வளவுதானுங்க தம்பி வெட்டோணும்" என்றாள் நாகமணி. எத்தனை அறுவை அரங்குகளைப் பார்த்த குரல் அது! சிராஜுதீன் ஜாக்கியை இறக்கினார்.

முப்பத்து மூன்று. இரண்டு அங்குல உயரம் கிடைக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

பல்சக்கரக் கணக்கு. சைக்கிளை நினைத்தால் புரிகிறது. பின்சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய பல்லையே வைத்திருந்தால் ஒவ்வொரு மிதியும் கனக்கும். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இப்போது எங்கள் வண்டியில் இருப்பது பத்துக்கு நாற்பத்து மூன்று பல். சின்னச் சக்கரம் நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். கடையில் கிடைப்பது எட்டுக்கு முப்பத்தொன்பது, அல்லது எட்டுக்கு நாற்பத்து மூன்று. முதலாவது போட்டால் பெரிய டயரோடும் பழைய பலம் அப்படியே திரும்பும். இரண்டாவது போட்டால் பலம் இன்னும் கூடும், ஆனால் தார் ரோட்டில் இஞ்சின் அலறும். எதைப் போட்டாலும் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒன்றையே போட வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஆளுக்கொரு வேகத்தில் போக நினைக்கும்.

சிராஜுதீன் ஃபோனில், "நாப்பத்து மூணு போடுங்க சார், ஆனையாட்ட ஏறும்" என்றார். நான் முப்பத்தொன்பது என்று நினைத்தேன். என்னுடைய கோழைத்தனம்தான் அப்படி நினைக்கிறதோ என்றும் நினைத்தேன். இரண்டையும் நாகமணியிடம் சொன்னேன்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவி முடித்துவிட்டுச் சொன்னாள்: "போன வருசம் இஞ்சின் என்னைக் கைவிடலைங்க. கல்லுதான் வயித்துல முட்டுச்சு. இருந்த பலம் போதும். முப்பத்தொம்பது."

இதே முடிவுக்கு வர எனக்கு நான்கு பக்கம் ஆயிற்று. அதிலும் கடைசி வரியில் கேள்விக்குறி.

ஜூன் 22, ஞாயிறு

டயர் போட்டாயிற்று. பல்சக்கரம் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை வண்டி கொஞ்சம் சோம்பலாகத்தான் போகும்.

நாகமணி பட்டறையைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அவள் ஸ்டியரிங் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கிப் பிடிப்பதில்லை. விரல்கள் சும்மா வைத்தது போல இருக்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஸ்டியரிங் திரும்ப முயலும்போது மட்டும் அவை மூடிக்கொள்ளும், உடனே திறந்துகொள்ளும். மருத்துவமனையில் ஒருநாள் அரங்கின் கதவு இடுக்கில் அவளைப் பார்த்திருக்கிறேன். கத்தரியை டாக்டர் கையில் வைத்த விதமும் இதேதான்.

ஜூன் 29, ஞாயிறு

ஆழியாறு வரை போய்வந்தோம். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. நான் வண்டியில் இருந்தால் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து வருடமாக நாகமணி அதை மீறியதில்லை. இன்றும் மீட்டரில் முள் நாற்பதிலேயே நின்றது.

நல்ல காற்று. சாலையோரப் புளிய மரங்கள் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகப் பின்னால் போவது போல் இருந்தது. பழக்கதோஷத்தில் கிலோமீட்டர் கல்லையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டேன். நாற்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே.

முன்பே தோன்றியிருக்க வேண்டும். மீட்டர் எண்ணுவது கியர்பெட்டியின் சுற்றுகளைத்தான். டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. ஒரு சுற்றுக்கு நாங்கள் முன்பைவிட அதிக தூரம் போகிறோம். புதிய பல்சக்கரம் வந்தால் தானாகச் சரியாகிவிடும். அதுவரை மீட்டர் பொய்தான் சொல்லும். இதைவிடக் குறைந்த பிழைக்கு ஆட்டோக்காரர்களின் மீட்டரைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

நாகமணியிடம் சொல்வது என் கடமை. வீடு வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். வீடு வந்ததும் காபி குடித்தோம்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடி ஆழியாறு. நாற்பது. அதாவது நாற்பத்தைந்து. இன்றும் சொல்லவில்லை. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சொன்னால் நிறுத்திவிடுவாள்.

ஜூலை 9, புதன்

மலையேற்றத்தில் ஒரு விதி உண்டு. வண்டிக்கு இரண்டு பேர். வழுக்குமேட்டில் பாதி ஏறியதும் ஒரு வளைவு வருகிறது. அங்கே ஓட்டுபவருக்குக் கண்ணாடி முழுக்க வானம்தான் தெரியும், தரை தெரியாது. கூட வந்தவர் இறங்கி, மேலே ஓரமாக நின்று கையால் வழிகாட்ட வேண்டும். போன வருடம் தங்கை மகள் பிருந்தா போனாள். அவள் இப்போது கனடாவில் படிக்கிறாள்.

நாகமணி சிராஜுதீனைக் கேட்டாள். அவர் தன் வண்டியை ஓட்டுகிறார். பழைய மருத்துவமனைத் தோழி ஒருத்தியைக் கேட்டாள். அந்த அம்மாளுக்கு முழங்கால் அறுவை. எதிர்வீட்டுப் பையனுக்குப் பரீட்சை. ஆள் இல்லாவிட்டால் வண்டியை மேட்டில் விடமாட்டார்கள்.

என்னைக் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான். கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஜூலை 12, சனி

ஆள் கிடைக்கவில்லை.

ஜூலை 16, புதன்

பல்சக்கரம் வந்துவிட்டது. நாளை ஆடி பிறக்கிறது. நாகமணியின் அக்கா திருப்பூரிலிருந்து ஃபோன் செய்து, ஆடியில் வண்டிக்குப் புதுசாக எதுவும் செய்யாதே என்றார்.

"புதுசு எதுவும் இல்லைக்கா. பழைய வண்டிக்குப் பல்லு கட்டறோம். பல்லு கட்டறதுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

எனக்குக் கட்டியபோதுகூட இத்தனை நாள் காத்திருக்கவில்லை என்று சொன்னேன். அக்காவிடம் அதையும் சொல்லிச் சிரித்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

பல்சக்கரம் போட்டாயிற்று. புதுப் பல் ஒன்றோடொன்று பழகும் வரை மெதுவாகவே ஓட்ட வேண்டும், நடுநடுவே நிறுத்திச் சூடு ஆறவிட வேண்டும் என்றார் சிராஜுதீன். எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை.

ஆழியாறு சாலையில் போனோம். வண்டி முன்பு போல் லேசாக எடுத்தது. காற்று, மரங்கள், எல்லாம் போன வாரம் போலத்தான். மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து.

"நாற்பது தாண்டிவிட்டது" என்றேன்.

"அப்படியாட்டத்தான் இருக்குது."

"நம் ஒப்பந்தம்..."

"ஏனுங்க, போன மூணு வாரமும் இதே வேகந்தானுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே."

நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். மீட்டர் தவறாகக் காட்டியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இஞ்சின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் பொருந்தலை. முதல் நாளே தெரிஞ்சுது. உங்களுக்கு?"

"எனக்கும் முதல் நாளே."

"கல்லை எண்ணுனீங்களா?"

"ஆமாம்."

அவள் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள். ஒரு பாலத்தைத் தாண்டினோம்.

"நீங்க பயப்படறீங்கன்னு நான் நினைக்கலைங்க. பயப்படறதா நீங்கதான் நினைச்சுட்டிருக்கறீங்க."

மேட்டுக்கு உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். எங்கிருந்து அந்தக் கேள்வி வந்ததோ!

"அதான் உக்காந்துட்டிருக்கறீங்களே" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. சேற்றில் நடந்து பழக்கமில்லை. இடது வலது சொல்வதற்கே ஒரு கணம் எடுக்கும். முடியாது என்பதற்குக் காலையில் ஏழு காரணங்கள் வரிசையாகத் தோன்றின. அவளிடம் சொல்லப் போனேன். முற்றத்தில் டயர் இடுக்கில் சிக்கிய கற்களை ஸ்பூனால் எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஸ்பூன் எடுத்துவந்து பின்சக்கரத்தின் அருகில் உட்கார்ந்தேன்.

ஜூலை 24, வியாழன்

மகுடேஸ்வரனிடம் இரண்டு பெயரையும் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

ஆற்றங்கரையில் கூட்டம். நாங்கள் நாகமணியின் சித்தப்பா தோப்புக்குப் போய்ச் சைகை பழகினோம்.

நான் பதினான்கு சைகைகள் தயாரித்திருந்தேன். கொஞ்சம் இடது, நிறைய இடது, இடதில் ஆரம்பித்து நேராக வருவது என்று. வாய்க்கால் கரையில் நின்று காட்டினேன். வண்டி தென்னை மரத்தின் மேல் ஏற இருந்தது.

நாகமணி இறங்கி வந்தாள். "அய்யோ, வேலைக்காகாதுங்க. பரதநாட்டியமாட்ட இருக்குது. நாலு போதும். வா, நில்லு, இக்கட்ட, அக்கட்ட. அவ்வளவுதான்."

"இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சரி. எவ்வளவு இடது என்று எப்படித் தெரியும்?"

"அது என்னோட வேலை. தியேட்டர்ல டாக்டர் பேசமாட்டாருங்க. கையை நீட்டுவாரு. எந்தக் கையை எப்படி நீட்டறாருன்னு பார்த்தா எது வேணும்னு தெரியும். நீங்க தெளிவா நீட்டுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

நான்கே சைகையோடு மறுபடி செய்தோம். வண்டி அவ்வளவு மெதுவாக வந்தது. கீழ் கியரில் அவள் எதையும் மிதிப்பதில்லை, வண்டி தன்பாட்டில் ஊர்கிறது. வாய்க்காலில் இறங்கி, என் கை காட்டிய இடத்தில் சக்கரத்தை வைத்து, ஏறிவிட்டது. ஒருமுறை நான் தவறாகக் காட்டினேன். வண்டி அந்தத் தவறான இடத்துக்கும் வந்தது. அவள் அங்கிருந்தே கேட்டாள்: "சரி, இப்ப எப்படி வெளிய போறது?" கோபமே இல்லை. எனக்குத்தான் வியர்த்தது.

சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 9, சனி

மழை. இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. நாகமணி இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் மேட்டை நடந்து பார்க்க அனுமதித்தார்கள். வளைவுக்கு மேலே இரண்டு வழி. வலதுபக்கம் சக்கரங்கள் போய்ப்போய் விழுந்த ஆழமான தடம். நடுவில் கல், அநேகமாகப் போன வருடத்துக் கல். இடதுபக்கம் வேரும் பாறையுமாக ஒரு மேடு. அதில் போனால் வண்டி சாயும். எல்லோரும் தடத்தில்தான் போவார்கள் என்றார் சிராஜுதீன். கல்லின் உயரத்தை அளந்தேன். எங்கள் உருண்டை ஓர் அங்குல இடைவெளியில் தாண்டும். வலதுதான் என்று நானும் நாகமணியும் முடிவு செய்தோம். டயரில் பாதிக் காற்றை இறக்கினோம். காற்றுக் குறைந்தால் டயர் அகன்று தரையைப் பிடிக்கும்.

எங்களுக்கு முன்னால் பதினாறு வண்டிகள். ஆறு ஏறின. மற்றவற்றுக்குக் கயிறு. சிராஜுதீனுக்கும் கயிறுதான். அவர் வண்டியில் முப்பத்தைந்து. சேற்றில் மூழ்கிய முகத்தோடு இறங்கி வந்து, "டயரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சார், மேடுதான் சரியில்லை" என்றார்.

எங்கள் முறை வந்தது. மைக்கில் மகுடேஸ்வரன், "அடுத்தது நம்ம நாகமணி அம்மா! இந்த வருசம் ஐயாவையும் கூட்டிட்டு வந்திருக்கறாங்க. கயிறு ரெண்டா எடுத்து வைங்கப்பா!" என்றார். சிரிப்பு. நாகமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கீழ் கியரில் வைத்தாள்.

வளைவு வரை ஏறினோம். இஞ்சின் ஒரே சுருதியில் முனகியது. முப்பத்தொன்பது பல் தன் வேலையைச் செய்தது, திணறலே இல்லை. வளைவில் அவள் நிறுத்தினாள். கண்ணாடியில் வானம்.

"இறங்குங்க. பார்த்து" என்றாள்.

இறங்கினேன். முழங்கால் வரை சேறு. ஓரத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போய்த் திரும்பி நின்றேன். மழை பிடித்துக்கொண்டது.

தடத்தைப் பார்த்தேன். காலையில் பார்த்த தடம் இல்லை அது. பதினாறு வண்டிகள் தோண்டித் தோண்டி இன்னும் ஆழமாகியிருந்தது. தண்ணீர் நிரம்பிக் கல் தெரியவில்லை. என் ஓர் அங்குலம் போய்விட்டது. எவ்வளவு போயிற்று என்று அளக்க வழியில்லை. கீழே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. முழுச் சரிவும் என்னையே பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகமும் தெரியவில்லை, துடைப்பான் அசைவது மட்டும் தெரிந்தது. பேசிவைத்தது வலது.

நான் இடது காட்டினேன்.

இடதுபக்கம் ஓட்டுபவருக்கு முற்றிலும் தெரியாத பக்கம். அவள் இருப்பது வலதில். அந்தப் பாறை எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது, எதுவும் அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. காலையில் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து ஒதுக்கிய வழி வேறு. அவள் ஒரு கணம் தயங்கியிருக்கலாம். ஹாரன் அடித்திருக்கலாம். கதவைத் திறந்து, என்னுங்க என்று கேட்டிருக்கலாம்.

ஸ்டியரிங் உடனே திரும்பியது.

முன் இடது சக்கரம் வேரில் ஏறியது. வண்டி வலதுபக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். நில்லு என்று கை காட்டினேன். நின்றது. அடியில் குனிந்து பார்த்தேன். அந்த இரும்பு உருண்டை பாறைக்கு மேலே, விரல் நுழையும் இடைவெளியில், நின்றது. வா என்றேன். வந்தது. பின்சக்கரம் வழுக்கியது. இப்படி வழுக்கியபோதுதான் மற்றவர்கள் ஆக்சிலரேட்டரை மிதித்தார்கள். அவள் மிதிக்கவில்லை. சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றியது, இன்னொன்று, பிறகு டயரின் ஓரப்பல் பாறையைக் கவ்வியது. நான் பின்னால் அடிவைத்து மேலே போனேன், கை நீட்டியபடி. வண்டி என் கையைத் தொடர்ந்து ஏறி வந்தது. எப்போது சமதரை வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் வா, வா என்று காட்டிக்கொண்டே இருந்தேனாம். அவள் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

மைக்கில் மகுடேஸ்வரன், "கயிறை மடிச்சு வைங்கப்பா" என்றார். கைதட்டல் மழையோடு சேர்ந்து கேட்டது. நாகமணி கையைத் தூக்கவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. வண்டியின் முன்பக்கம் போய் நின்று, தான் ஏறிவந்த வழியைக் கீழே வரை ஒருமுறை பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் எத்தனையோ அளவுகளுக்கு முத்திரை போட்டிருக்கிறேன். அவள் அங்கே நின்ற நிற்பை எதைக்கொண்டு அளப்பது என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் கேட்டாள்.

"ஏனுங்க இடது காட்டுனீங்க?"

"தெரியவில்லை."

"கணக்குப் போட்டீங்களா?"

"இல்லை. நேரம் இல்லை."

"போட்டிருந்தீங்கன்னா இன்னும் அங்கயேதான் நின்னுட்டிருப்போம்."

நான் ஒரு கேள்வியை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்து கேட்டேன். பேசிவைத்ததை மாற்றிக் காட்டுகிறேனே, உனக்குச் சந்தேகமே வரவில்லையா?

"சந்தேகப்படறது உங்க டிபார்ட்மென்டுங்க. அதுல நான் எதுக்குத் தலையிடறேன்?"

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கின்றன. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பத்து மணிக்கு மகுடேஸ்வரன் ஃபோன் செய்தார். நாகமணிக்கு என்று நினைத்தேன். என்னிடம்தான் பேச வேண்டுமாம். அடுத்த மாதம் மேகமலைப் பக்கம் ஒரு மலையேற்றம் இருக்கிறதாம். அவர் வண்டிக்கு முன்னால் நின்று வழிகாட்ட நல்ல ஆள் வேண்டுமாம். "ஐயா, நேத்து உங்க கையைப் பார்த்துட்டே நின்னேனுங்க. வந்து குடுத்தீங்கன்னா நெம்பப் புண்ணியமாப் போகும்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து வந்த நாகமணி, கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"இல்லைங்க, வரமாட்டாருங்க" என்றாள். "அவரு என்னோட வண்டிக்கு மட்டுந்தானுங்க."